மோல்ட் கட்டடத்துச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

தம்பி,

உறையின் வாயில் இரண்டு பட்டை ஒட்டுநாடா ஒட்டியிருப்பதைப் பார்த்து, யாரோ திறந்து படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்காதே. ஒட்டியது நான்தான். தபால்காரர் நல்ல மனிதர், ஆனாலும் யாருக்குத் தெரியும். நான் முன்கூட்டியே ஒட்டுநாடாவை எடுத்து வைத்ததைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். தினமும் வேலைக்குப் போவது புவாண்ட்-கிளேருக்குத்தானே, பிள்ளையின் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். கொடுக்கவில்லை. அவர் வழியில் படித்துவிடுவார் என்று பயந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கூட இருந்த மனுஷனுக்கே தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நீ தமிழை விரல் வைத்து மெதுவாகத்தான் வாசிப்பாய். அதற்காகவே தமிழில் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் அவசரப்படுவாய், நானும் அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்குப் பிடித்த ஜெனிற்றா எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தாள். தோசை சாப்பிட்டாள், கோப்பையைத் தானே கழுவி வைத்தாள், தாய் மன்னாரிலிருந்து வந்த கதையைச் சொன்னாள், தான் வேலை செய்யும் கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் செய்யும் குறும்புகளைச் சொன்னாள். அவள் போன பிறகு குசினியில் வைத்து நான் உன்னிடம் ஒரு வசனம் சொன்னேன். "அந்தப் பிள்ளை தகப்பனைப் பற்றி ஒரு கதையும் கதைக்கேல்லை, கவனிச்சனியே?" அவ்வளவுதான். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். அதற்குப் பிறகு பத்து நாளாக நீ அவளோடு பேசவில்லை என்று ஞாயிறன்றுதான் எனக்குத் தெரிந்தது. வருகிற சனிக்கிழமை அவளுக்கு முடிவு சொல்லப் போகிறாயாம். அதற்கு முன் நான் மொன்ட்ரியால்-நோரில் அவர்கள் கோயில் ஆட்களிடம் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். "நீங்கள் சொன்னா அதில ஏதோ இருக்கும் அம்மா. மோல்ட் பில்டிங்கில பார்த்தனான்தானே" என்றாய். வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், தம்பி.

மோல்ட் கட்டடத்தில் நீ என்ன பார்த்தாய் என்று நான் சொல்கிறேன், கேள். அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளை, ஞாபகம் இருக்காது. நாங்கள் பார்க் எக்ஸ்ரென்ஷனில் குடியேறிய முதல் பனிக்காலம். ஒரு காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. மேலே முடிச்சுப் போட்ட பெரிய கறுப்புப் பை. பெயர் இல்லை, கடிதம் இல்லை. ஊரில் சொந்தக்காரன் இல்லாத பையை யாரும் தொட மாட்டார்கள். தொட்டவர்கள் சிலர் குண்டு வெடித்து இல்லாமல் போனதை நான் அறிவேன். கதவைச் சாத்தி உன்னைக் கட்டிலுக்குப் பின்னால் இருத்தி வைத்தேன். பிறகு உன்னைப் பின்வாசல் வழியாக, மெல்லிய சட்டையோடு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பை மூன்று நாள் பனியில் கிடந்தது. நான்காம் நாள் அப்பாவுக்குப் பொறுமை போய், நான் கத்தக் கத்தப் போய் அவிழ்த்தார். உள்ளே ஒரு சிறுவனின் பனிச்சட்டை, தொப்பி, கையுறை, எல்லாம் கழுவி மடித்து வைத்தது. மேல்மாடிக் கிரேக்கப் பெண் உனக்காக வைத்தது. அவளோ தினமும் படியிறங்கும்போது தன் அன்பளிப்பு பனியில் புதைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். நன்றி சொல்லப் போனபோது அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். நாங்கள் அந்த வீட்டில் இருந்த ஐந்து வருடமும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயோ அந்த மூன்று நாளில் பிடித்த தடிமனோடு மாசி வரைக்கும் இருமினாய்.

யுத்தம்தான் என்னை இப்படி ஆக்கியது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அது முழு உண்மை இல்லை. யுத்தத்துக்கு முன்பே நான் பால்காரனின் அளவுக் குவளையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தவள். பெண் பார்க்க வந்த அன்றே உன் அப்பாவின் பற்கள் கட்டியவையா என்று தங்கையை அனுப்பிப் பார்க்கச் சொன்னவள். படம் வரையும் வேலைக்குப் போனதும் அந்தக் குணத்துக்குச் சம்பளமும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் நான் கட்டடப் படவரைஞர். பழைய கட்டடங்களை அளந்து படமாக்குவது என் வேலை. சுவர் நேராக இருக்கிறது என்று கட்டியவனே சொன்னாலும் நான் தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பேன். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சீமெந்து வைத்து ஒட்டிவிடுவோம். சில கிழமை கழித்துப் போய்ப் பார்ப்போம். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. உடையவில்லை என்றால் அது பழைய வெடிப்பு, பயமில்லை. மனிதர்களுக்கு இப்படி ஒரு கண்ணாடி இருந்தால் எவ்வளவு நல்லது என்று அந்த நாளிலேயே நினைத்திருக்கிறேன்.

இனி மோல்ட் கட்டடம். சான்-ஹென்றி வழியாகப் போகும் பழைய கால்வாயில் படகுகளை மறுபடி விடத் தொடங்கியதற்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன். உனக்கு இருபத்தாறு வயது. ஒருநாள் சாப்பிடும்போது, சான்-ஹென்றியில் கால்வாய்க்கரையில் ஒரு பழைய மோல்ட் தொழிற்சாலையை வீடுகளாக மாற்றுகிறார்கள், அதில் ஒன்றை வாங்கப் போகிறேன் என்றாய். என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கல்யாணம் கட்டாத பொடியனுக்குத் தனி வீடு எதற்கு? எங்கள் ஆட்களில் யார் அப்படிப் போயிருக்கிறார்கள்? நிச்சயம் ஒரு பெண் இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். உன் சட்டைப் பைகளைப் பார்த்தேன். தொலைபேசிப் பில்லில் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தேன். அது உன் பல் வைத்தியரின் இலக்கம். அப்பா மட்டும், "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, விடன்" என்றார். அவருக்கு எல்லாரும் நல்லவர்கள்.

வீட்டைப் பார்க்க நீயே என்னைக் கூட்டிப்போனாய். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா கட்டடம் தெரிந்தவர், அம்மா பார்த்துச் சொல்லட்டும் என்று பெருமையாகக் கூட்டிப்போனாய். நான் நுழையும்போதே குற்றம் பிடிக்கத் தயாராக நுழைந்தேன். அந்தக் கட்டடமும் எனக்கு அள்ளி அள்ளித் தந்தது. சிவப்புச் செங்கல்லில் நெடுநீளமான ஐந்து மாடி. ஆனால் யன்னல்கள் சிறையைப் போல் சின்னவை. உள்ளே கூரை நீ கையை உயர்த்தினால் தொடக்கூடிய உயரம். அந்தத் தாழ்ந்த கூரையைத் தாங்க, பத்தடிக்கு ஒன்றாக வார்ப்பிரும்புத் தூண்கள். இவ்வளவு குட்டையான மாடிக்கு இத்தனை தூண் போடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று என் மனம் சொன்னது. கைப்பையில் கொண்டுபோன, பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளையைத் தரையில் வைத்தேன். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, தானாக உருண்டு போய் மேற்குச் சுவரில் முட்டி நின்றது. தரை சரிவு. விற்க வந்த ஆள் அதெல்லாம் பழைமையின் அழகு என்றான். பழுதைக் காட்டிப் பழைமை என்று விற்கிறான் என்று உன் காதில் சொன்னேன். உன் வீட்டின் ஒரு மூலை மட்டும் திடீரென்று கோபுரம் போல் மேலே போனது. அதன் கூரை கூம்பாக, உச்சியில் புகைபோக்கி மாதிரி ஒரு வாயோடு இருந்தது. அந்தக் கோபுரமும் தாழ்ந்த பகுதியும் சேரும் இடத்தில், சுவரில், மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. என் விரல் நுனி போகுமளவு அகலம். அதைக் கண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. உண்மையைச் சொல்கிறேன்.

கட்டடத்தைப் பரிசோதிக்க வந்த நிபுணர் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவரை யார் சிபாரிசு செய்தது என்று கேட்டேன். விற்கிறவரே என்றாய். பிறகு என்ன. அவருடைய சப்பாத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை என்பதையும் நான் கவனித்து வைத்திருந்தேன். கண்ணாடி ஒட்டிப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதே என்றேன். நீ அவர்களிடம் மூன்று கிழமை தவணை கேட்டாய். நான் படச்சட்டகம் ஒன்றிலிருந்து வெட்டிய கண்ணாடித் துண்டை, ஊரில் செய்தது போலவே, அந்த வெடிப்பின் குறுக்கே ஒட்டினேன். நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அந்த மூன்று கிழமையில் நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. வழக்கம் போல் அளவுகளை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் கட்டடத்தைப் படமாக வரைந்துகொண்டிருந்தேன். எனக்கு மோல்ட் என்றால் போத்தலில் வரும் பால்மா ஞாபகம்தான். வாசல் காவலாளியிடம் கேட்டபோது, பார்லியை ஊறப்போட்டு முளைக்கவிட்டு, பிறகு சூட்டில் உலர்த்தி எடுப்பார்கள், பியர் வடிக்க அதுதான் தேவை என்று சொல்லியிருந்தார். மேசையின் மறுபக்கத்தில் நான் முளைக்கக் கட்டி வைத்த பயறு இருந்தது. ஈரத்துணியில் இறுக்கிக் கட்டி, வெளிச்சம் படாமல், தண்ணீர் தேங்காமல், தட்டைக் கொஞ்சம் சரித்து வைத்திருந்தேன். வரைந்த படத்தையும் பயற்றையும் மாறி மாறிப் பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அது மனிதருக்குக் கட்டிய வீடே இல்லை. பார்லிக்குக் கட்டிய வீடு. தரை முழுவதும் ஈரத் தானியத்தைப் பரப்பி முளைக்க விடுவார்கள். அந்தத் தண்ணீர் வடிய வேண்டும், அதனால் தரை சரிவு. முளை விடும் தானியத்தின் சூடு கலைந்துவிடக் கூடாது, அதனால் கூரை தாழ்வு. முளைக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் யன்னல் சின்னது. ஊறிய தானியம் பொல்லாத பாரம், அதனால் அத்தனை தூண். அந்தக் கோபுரம்தான் உலர்த்தும் சூளை. கீழே நெருப்பு, நடுவில் தானியம், மேலே ஆவி போக அந்த வாய். வருடக்கணக்காகச் சுட்ட சுவரும் சுடாத சுவரும் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். சூளை அணைந்த அன்றே அந்த வெடிப்பும் நின்றிருக்கும். நான் குற்றம் என்று எழுதி வைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. என் வேலைக்காலம் முழுவதும் பார்த்த கட்டடங்களில் அவ்வளவு யோக்கியமான கட்டடத்தை நான் கண்டதில்லை. எதையும் அது மறைக்கவில்லை. மறைக்கிறது என்று நினைத்தது நான்.

மூன்றாவது சனிக்கிழமை நாம் போனோம். நீ கீழே காவலாளியோடு நின்று பிரெஞ்சில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் முதலில் மேலே ஏறினேன். ஏணியில் நின்று பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத் தெரியும், இருக்காது என்று. அந்தச் சின்ன யன்னலால் கீழே பார்த்தேன். நீ இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நின்றாய், வீட்டுக்காரன் மாதிரி. இனி இவன் எதையும் என்னைக் கேட்க மாட்டான் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, அதன் முனையைக் கண்ணாடியின் நடுவில் வைத்து அழுத்தினேன். சின்னதாக ஒரு சத்தம். பிறகு உன்னைக் கூப்பிட்டேன்.

நீ இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தாய். கண்ணாடியைப் பார்த்தாய். உன் முகத்தில் இருந்த வெளிச்சம் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. எல்லாரையும் சந்தேகிக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தவளை, நீ ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை. "நல்ல காலம் அம்மா" என்று மட்டும் சொன்னாய். திங்கட்கிழமை வீடு வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தண்டனை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நீ அந்தக் கதையைச் சொன்னாய், அம்மா இல்லையென்றால் இடிகிற வீட்டை வாங்கியிருப்பேன் என்று. நான் பக்கத்தில் பயிற்றம் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். சனங்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். வில்லரேயில் வீடு வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பிறகு ஒரு தாய், வீட்டை விடுங்கோ, இந்த மாப்பிள்ளையை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்றாள். அதற்கும் போனேன். போய் ஏதோ சொன்னேன். பொய் சொல்லிச் சம்பாதித்த பெயரை வைத்து நாலு வருடம் வாழ்ந்திருக்கிறேன். நீ வீட்டில் தங்கினாயா என்றால் அதுவும் இல்லை. அடுத்த கோடைக்குள் புவாண்ட்-கிளேரில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய், அந்தக் கால்வாய்க்கரையைவிட மூன்று மடங்கு தூரம். போன வைகாசியில் நான் தனியாக மெற்றோவில் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் யன்னலில் யாரோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள். ஒரு செங்கல்கூட அசையவில்லை.

பூச்சாடியைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். வீடு போனால் போகட்டும், வேறு வீடு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஞாயிறன்று நீ பேசியபோதுதான், அந்தச் சனிக்கிழமை நான் உடைத்தது வேறொன்று என்று விளங்கியது. நீ இப்போது எதையும் உன் கண்ணால் பார்ப்பதில்லை. வேலை இடத்தில் யாராவது தேநீர் வாங்கித் தந்தால் ஏன் தருகிறான் என்று என்னிடம் கேட்கிறாய். முப்பது வயதில் உன் நெற்றியில் என்னுடைய இரண்டு கோடு விழுந்திருக்கிறது. பிடித்த பெண்ணோடு பத்து நாள் பேசாமல் இருக்கிறாய், ஒரு கிழவி அடுப்புத் துடைத்தபடி சொன்ன ஒரு வசனத்துக்காக. அந்த வசனத்தின் பின்னால் ஒன்றுமே இல்லை, தம்பி. அவள் எழுந்து தானே கோப்பையைக் கழுவியதும், உனக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு ஒரு குற்றம் தேவைப்பட்டது. தகப்பனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நீயே அவளிடம் கேள். என்னிடம் கேட்காதே.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. நேற்று மத்தியானம் நான் ஜெனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல எண்ணத்தில் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், நீ கேட்டாயே என்ற சாட்டோடு, இரண்டு கேள்வி கேட்டு அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்கத்தான் எடுத்தேன். அவள் குரலில் முதல் வார்த்தையிலேயே பயம் இருந்தது. உனக்கு ஏதாவது சுகமில்லையா என்றுதான் கேட்டாள். இத்தனை நாளாக நீ பேசாததைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. எனக்கு என் கேள்விகள் மறந்துபோயின. எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை, மோல்ட் கட்டடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நீ சொல்லி அவளுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. கண்ணாடி தானாக உடையவில்லை பிள்ளை என்று சொன்னேன்.

"அன்ரி, இதை அவருக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.

"அப்ப எனக்கு இதுக்கு மேல சொல்லாதேங்கோ. அவர்தான் இதை முதல்ல கேக்க வேணும்" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. நான் அழுது முடியும் வரைக்கும் லைனில் இருந்தாள்.

விசாரித்துச் சொல்லச் சொன்னாய். அவளைப் பற்றி நான் கண்டுபிடித்தது இவ்வளவும்தான்.

அம்மா